தணிக்கைக் குறிப்பு பதினான்குக்கு விளக்கம்

ஐயா,
பள்ளிப்பட்டு அரசு மருத்துவமனையில்
பயிற்சி மருத்துவர் இடம் நான்கு.
ஆளுக்கு மாதம் நாற்பத்தெட்டாயிரம் உதவித்தொகை.
ஐந்து மாதமாக வரவில்லை.
நீங்கள் கேட்டது அதைப் பற்றி அல்ல.

நீங்கள் கேட்டது:
பிரசவப் பதிவேட்டில் மூன்றில் ஒரு முகவரி
நகரிப் பக்கம்.
நம் மாநிலப் பணத்தில் பயில்கிறவர்கள்
அடுத்த மாநிலத்துக்காரிகளுக்குச் செலவழித்த நேரத்தை
மானியத்திலிருந்து ஏன் கழிக்கக் கூடாது?

கழித்துப் பார்த்தேன் ஐயா.
இருபத்தொரு வருஷமாய் இந்த நாற்காலியில்
கழிப்பதுதான் என் வேலை.

டிசம்பர் மூன்று.
கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டார்கள்.
தரைப்பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர்.
திருத்தணிக்கு ஆம்புலன்ஸ் போக வழியில்லை.
ரவணம்மா, தறிக்காரர் மனைவி,
விடிவதற்குள் டிராக்டரில் வந்து சேர்ந்திருந்தாள்.
தலை வெளியே வந்துவிட்டது. தோள் சிக்கிக்கொண்டது.
பெரிய டாக்டர் ஆற்றுக்கு அந்தப் பக்கம்,
போனில் குரல் விட்டு விட்டு.
டாக்டர் மெர்லின், மார்த்தாண்டத்துப் பெண்,
அதுவரை தோள் எடுத்துப் பழகியது
ரப்பர் பொம்மையில்.
(பொம்மைக்கான தொகை மட்டும்
குறித்த தேதியில் வந்தது. சொத்து எண் 117.)

பொம்மை மணிக்கட்டைப் பிடிக்காது.
நொப்பி, நொப்பி என்று கத்தாது.
முக்காதே என்று மெர்லின் சொன்னது மட்டும்
ரவணம்மாவுக்கு உடனே புரிந்தது.
முக்குவதற்கு
எல்லைக்கு இருபுறமும் ஒரே சொல்தான்.

அமராவதி சிஸ்டர் ஸ்டூலில் ஏறி அடிவயிற்றை அழுத்த,
இம்தாதுல்லா முழங்கால்களை மார்போடு மடக்கிப் பிடிக்க,
கடிகாரம் பார்த்து எழுதியிருக்கிறார்கள்:
நாலரை நிமிஷம்.
பிள்ளை அழுதது.
இடது கை அசையவில்லை.

மூன்று வாரம் அசையவில்லை.
மெர்லின் ஞாயிறுதோறும் பஸ் ஏறி
அந்தக் கையைப் பார்த்துவர நகரிக்குப் போனார்.
பயணப்படி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும்
வெளி மாநிலம், நானே தள்ளியிருப்பேன்.
நாலாவது ஞாயிறு அந்தக் கை
ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்ததாம்.
மறுநாள் கேன்டீனில் எல்லோருக்கும் டீ,
கடனில்.

பிப்ரவரி பதினொன்று.
பொதட்டூர்பேட்டை. நம் ரேஷன் கார்டு, நம் முகவரி.
பெயர் தில்லைக்கரசி.
அதே தோள், அதே மெர்லின்.
ஒரு நிமிஷம் பத்து நொடி.
இரண்டு கையும் அசைந்தன.

இப்போது நீங்களே சொல்லுங்கள் ஐயா,
அந்த நாலரை நிமிஷத்தை நான் கழித்துவிட்டால்
இந்த ஒரு நிமிஷத்தை எந்த வரியில் காட்டுவது?
வித்தியாசம் மூன்று நிமிஷம் இருபது நொடி.
இரண்டு முறை கூட்டிச் சரிபார்த்தேன்.
அதற்குப் பணம் கட்டியதில் ஒரு பங்கு நம் கருவூலம்.
மறு பங்கு
ஒரு பிள்ளையின் இடது கை, மூன்று வாரம்.
அதற்கு நாம் ரசீது தரவில்லை.

நான்கில் ஒருவர் ஜனவரியோடு போய்விட்டார்.
அப்பாவுக்கு டயாலிசிஸ். குறை சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
மீதி மூன்று பேருக்கான பட்டியலை
ஏழாவது முறையாக இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இன்று மார்ச் முப்பத்தொன்று.
இன்று போடாத பணம் இரவோடு காலாவதி,
அது உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, இது குறிப்பில் சேராது.
இம்தாதுல்லாவின் வீட்டுக்காரர்
மூன்று மாத வாடகை கேட்கக் காலையிலேயே வந்தார்.
வந்தவர் வரிசையைப் பார்த்தார்,
அஞ்சு நிமிஷம் யோசித்தார்,
முட்டி வலியென்று சீட்டு வாங்கிக்கொண்டார்.
இருபத்தெட்டாவது ஆள்.
கதவு திறந்துதான் இருக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது:
இம்தாதுல்லா தரையில் குத்துக்காலிட்டு
அவர் முழங்காலை மெல்ல மடக்கி நீட்டி
எங்கே வலிக்கிறது என்று கேட்கிறார்.